எல்லாக் கேள்விக்கும் சைபர்

இருபத்திரண்டு படிவங்களில் பத்தொன்பது ஒரே மாதிரி இருந்தன. இருபத்தாறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து நாலு வரை ஐந்து வட்டங்கள். பத்தொன்பது பேரும் முதல் வட்டத்தையே மேலிருந்து கீழ்வரை வரிசையாகக் கறுப்பாக்கியிருந்தார்கள். சைபர் என்றால் 'சிறிதும் இல்லை'. வலி சிறிதும் இல்லை. சாப்பிடச் சிரமம் சிறிதும் இல்லை. கவலை சிறிதும் இல்லை.

கஜாலினி கடைசிப் படிவத்தையும் கணினியில் ஏற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். ஏழு மாத வேலை. யாழ்ப்பாணத்தில் புள்ளிவிவரம் படித்து, கல்யாணமாகி ஷார்ஜாவுக்கு வந்து, முவைலாவில் அவர்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருந்த பல் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது நாலு வருடத்துக்கு முன்பு. அவள் பெயரும் சேர்ந்து வரப்போகிற முதல் ஆய்வு இதுதான்.

வாய்க்குள் தோல் சிவந்து உரிந்து, கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடுகள் படர்கிற நோய்; மாதக்கணக்கில் ஆறாமல் திரும்பத் திரும்ப வருகிற புண்கள். தொற்றாது, உயிருக்கு உடனே ஆபத்துமில்லை, ஆனால் முழுசாகக் குணமாவதும் இல்லை. மருந்து கொடுத்து அடக்கி வைக்கலாம். அந்த நோயோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்று நோயாளியிடமே கேட்கிற படிவம் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தது. தாய்லாந்துக்காரர்கள் நிறையப் பேர் வரத் தொடங்கியதும் அதைத் தாய்லாந்து மொழியில் கொண்டுவர முடிவு செய்தார்கள்.

அதற்கென்று ஒரு முறை உண்டு. ஒருவர் தாய்லாந்து மொழிக்கு மாற்றுவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிடுவார்கள். பிறகு ஐந்தாறு நோயாளிகளை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாசிக்கச் சொல்லி, "இது உங்களுக்கு என்னவென்று விளங்குகிறது?" என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் நேரமில்லை என்று, ஆய்வை நடத்துகிற டாக்டர் நெய்னா முகம்மது தாண்டிப் போகச் சொல்லியிருந்தார்.

அவள் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனாள். கீழக்கரைக்காரர், வாய் நோய்களில் இருபது வருட அனுபவம். மாணவர்கள் அவருக்குப் பயப்படுவார்கள், நோயாளிகள் அவரைத் தேடி வருவார்கள்.

"நல்லதுதானே," என்றார் அவர், தாளைப் புரட்டாமலே. "நோயோட தாக்கம் குறைவா இருக்குற குழுன்னு எழுதிடலாம்."

"டொக்டர், பத்தொன்பது பேரும் ஒரே மாதிரிப் போட்டிருக்கினம். உங்கட குறிப்பிலயே இதில பன்னிரண்டு பேருக்கு வாய் முழுக்கப் புண் எண்டு எழுதியிருக்கு."

"சில ஆளுங்க வலியைத் தாங்கிக்குவாங்கம்மா. அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்."

"கேள்வி விளங்காமல் போட்டிருந்தால்?"

"மறுமொழிபெயர்ப்பு பக்காவா வந்திருக்கே. நீயேதானே ஒப்பிட்டுப் பார்த்தே? வார்த்தைக்கு வார்த்தை சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

அவள்தான் போட்டாள். படிவக் கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். தோஹா மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்ப ஒன்பது நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை வரவேற்பு மேசைக்கு முன்னால் முகக்கவசம் போட்ட ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சிறிய உடம்பு, பலமான முன்கைகள். மேசைக்குப் பின்னாலிருந்தவர் கணினியைக் காட்டி, "செப்டம்பர், செப்டம்பர்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது மே மாதம்.

கஜாலினி அருகில் போய் அட்டையைப் பார்த்தாள். பெயர் நொய். ஆய்வில் பதினேழாம் எண். துபாய் சத்வாவில் ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை.

"என்ன பிரச்சினை?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நொய் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முகக்கவசத்தைக் கீழே இறக்கி வாயைத் திறந்தாள். இரண்டு கன்னத்தின் உட்புறமும் தோல் உரித்த தக்காளி மாதிரி இருந்தது. நாக்கின் ஓரத்தில் ஒரு புண், அதன்மேல் மஞ்சளாக ஒரு படலம். கஜாலினிக்குத் தன் வாயில் எச்சில் ஊறி, பிறகு வறண்டது.

"எட்டு நாள்," என்றாள் நொய். உதடு அசையாமல் பேசிப் பழகியிருந்தாள். "பால். ஸ்ட்ரா. வேற ஒண்ணும் இல்ல."

"மருந்து?"

"முடிஞ்சிடுச்சு. கேட்டேன். செப்டம்பர்னு சொல்றாங்க."

கஜாலினி மேசையைச் சுற்றிப் போய்த் திரையைப் பார்த்தாள். படிவ மதிப்பெண்: 0. அடுத்த சந்திப்பு: ஆறு மாதம். வாய் கழுவும் ஸ்டீராய்டு மருந்து: தொடர வேண்டியதில்லை. பத்துக்குக் கீழே வாங்குகிறவர்களுக்கு ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று ஜனவரியில் வந்த புதிய விதி. கூட்டம் தாங்க முடியாமல் டாக்டரே கொண்டுவந்தது. அவள் ஏற்றிய சைபர்தான் இந்தப் பெண்ணின் மருந்தை நிறுத்தியிருக்கிறது.

"நீங்கள்தானே வலி இல்லை என்று போட்டீர்கள்?" கேட்டபிறகுதான் அது குற்றம் சாட்டுவது போல இருந்தது அவளுக்கு உறைத்தது.

நொய் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "மை பென் ராய்," என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். கஜாலினிக்கு இந்த ஏழு மாதத்தில் தெரிந்துகொண்ட நாலைந்து தாய்லாந்துச் சொற்களில் அதுவும் ஒன்று. அந்த நேரத்தில் அந்தச் சொல்லைக் கேட்க அவளுக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

டாக்டர் அன்று முழுக்க மாணவர்களுக்குப் பரீட்சை நடத்துகிறார் என்றார்கள். வேறு டாக்டரிடம் காட்டலாம் என்றால், அவருடைய நோயாளியை அவர் சொல்லாமல் தொட முடியாது என்றார்கள். விதியைத் தளர்த்த ஒரு விண்ணப்பம் உண்டு, அதில் டாக்டரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஒரு மணி நேரம் மாடிக்கும் கீழுக்கும் நடந்துவிட்டு அவள் வந்தபோது நொய் கிளம்பத் தயாராக நின்றாள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

"உங்களோடு அந்தப் படிவத்தைப் பற்றிப் பேச வேண்டும்," என்றாள் கஜாலினி. "நான் அங்கே வரட்டுமா?"

நொய் யோசித்தாள். "புதன் மூணு மணி. அப்ப ஆள் வரமாட்டாங்க. பின் கதவு."

சத்வாவில் தையல் கடைகளுக்குப் பின்னாலிருந்த சந்து அது. ஏசிகள் தலைக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்தன. பின் கதவு திறந்ததும் எலுமிச்சைப் புல் எண்ணெய் வாசனை வந்தது. பணியாளர் அறையில் ஒரு சோறு வேகவைக்கும் குக்கர், மடித்த துண்டுகள் மலை மாதிரி, நாலு பிளாஸ்டிக் ஸ்டூல்கள். வரவேற்பில் உட்காருகிற பிம் என்ற பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். பேங்காக்கில் ஹோட்டலில் வேலை பார்த்தவள், ஆங்கிலம் நன்றாக வரும். நொய் தாய்லாந்து மொழியில் சொல்ல, பிம் மாற்றிச் சொன்னாள்.

கஜாலினி வெற்றுப் படிவத்தை வைத்து முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள்.

"மொறுமொறுப்பான ரொட்டி போன்ற கரடுமுரடான உணவு உங்களுக்கு எவ்வளவு சிரமம் தருகிறது?"

"நான் ரொட்டி சாப்பிடுறது இல்ல," என்றாள் நொய். "அதான் சைபர்."

"வேறு கடினமான உணவு?"

"வறுத்த மீன் முள்ளு பட்டா உயிர் போகும். ஆனா மீன் பத்தி அதுல கேக்கலையே."

கஜாலினி எழுதிக்கொண்டாள். அடுத்தது.

"உங்கள் வாய் நோயால் விருந்துகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டீர்களா?"

நொய்யும் பிம்மும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வாரத்துல ஒரு நாள் லீவு," என்றாள் பிம். "அன்னைக்குத் துணி துவைப்போம், தூங்குவோம். எந்த விருந்து?"

"மருந்தின் பக்க விளைவுகளைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?"

"டாக்டர் குடுத்த மருந்து. அதுமேல கவலைன்னு எழுதினா அவருக்கு மரியாதையா இருக்குமா?" நொய் உண்மையிலேயே கேட்டாள். "அந்த மருந்து குடிச்சா எனக்கு ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிக்கும். அது வேற."

"அதுதான் கேள்வி," என்றாள் கஜாலினி.

"ஓ," என்றாள் நொய்.

இருபத்திரண்டாம் கேள்வி வந்தபோது பிம் அதை மொழிபெயர்க்காமல் நிறுத்தினாள். துணைவரோடு நெருக்கமாக இருப்பதை நோய் பாதிக்கிறதா என்ற கேள்வி.

"இதை இங்க கேக்கக் கூடாது," என்றாள் பிம். குரல் மாறியிருந்தது. "எங்க வேலை என்னன்னு ஒரு நினைப்போட உள்ள வர்ற ஆளுங்க இருக்காங்க. தினமும் யாராவது ஒருத்தன் இது மாதிரி ஒண்ணு கேப்பான். ஆஸ்பத்திரித் தாள்லயும் அதையே கேட்டா நாங்க என்ன நினைப்போம்?"

கஜாலினிக்கு முகம் சுட்டது. இந்தக் கேள்வியை அவள் ஒன்றுக்குப் பத்து முறை வாசித்திருக்கிறாள். 'துணைவர்' என்பதற்குச் சரியான சொல் வந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தாள்.

"ஆனால் சாப்பிடுவது, பேசுவது, தூக்கம், இதுக்கெல்லாம் ஏன் சைபர்? அது விளங்கியதுதானே?"

நொய் துண்டு ஒன்றை எடுத்து மடித்ததையே மறுபடி மடித்தாள். பிறகு படிவத்தின் மேல் மூலையைத் தொட்டுக் காட்டினாள். அங்கே மருத்துவமனையின் ஸ்டிக்கர் ஒட்டுகிற கட்டம் இருந்தது. ஸ்டிக்கரில் நோயாளியின் பெயர், காப்பீட்டு எண், வேலை செய்கிற கம்பெனியின் பெயர்.

"கம்பெனி பேரு போட்ட தாள்," என்று பிம் சொன்னாள். "அன்னைக்கு மேனேஜரும் கூட வந்திருந்தார், எங்க நாலு பேரைக் கூட்டிட்டு. எழுதி முடிச்சதும் அவரே வாங்கி மேசையில குடுத்தார். வாய்ப்புண் இருக்குன்னு எழுதினா, ஒட்டிக்கிற நோய்னு நினைச்சு வேலையை விட்டு எடுத்துருவாங்க. விசா கேன்சல். ஊருக்குப் போ. அதான் எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம், எல்லாத்துக்கும் முதல் வட்டம்."

"மற்ற இடத்துக்காரர்களும்?" என்று கஜாலினி கேட்டாள்.

"போன்ல 'லைன்' ஆப்ல குரூப் இருக்கே, அதுல போட்டோம்ல."

கஜாலினி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். ஏழு மாதமாக அவள் சொற்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சொல் போதுமா, அந்தச் சொல் கூடுதலா என்று மின்னஞ்சல்கள் போயின, வந்தன. அந்த மூலையில் ஸ்டிக்கர் ஒட்டக் கட்டம் போட்டதும் அவள்தான். கோப்பு மாறிவிடக் கூடாதென்று.

ஒரு புதிய தாளில், ஸ்டிக்கர் இல்லாமல், ரொட்டிக்குப் பதில் வறுத்த மீனைக் கேட்டு, இருபத்திரண்டை விட்டுவிட்டு, அவர்கள் முதலிலிருந்து போட்டார்கள். நொய் ஒவ்வொரு வட்டத்தையும் மெதுவாக நிரப்பினாள். நூற்றுக்கு எழுபத்தொன்று வந்தது.

வியாழக்கிழமை காலை டாக்டர் அறைக்குள் கஜாலினி கதவைத் தட்டாமல் போனாள்.

"இது பதினேழாம் நம்பர், டொக்டர். முந்தி சைபர். நேற்று எழுபத்தொன்று."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "யார் இதை எடுத்தது? ஒப்புதல் இல்லாம நோயாளியை வெளியில போய்ப் பார்த்தியா? நெறிமுறைக் குழுவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அவ எட்டு நாளுக்கு மேலாப் பால் மட்டும் குடிக்கிறா எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"குரலை இறக்கு."

"என்னால ஏலாது டொக்டர். அவவின்ர மருந்தை நிப்பாட்டினது நாங்கள். அவ உண்மையைச் சொல்லேலாத மாதிரித் தாளைச் செய்துபோட்டு, அவ சொன்னதை உண்மை எண்டு எடுத்திருக்கிறம். கீழ நிக்கிறா. கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். ஒருக்கால் பாருங்கோ. பிறகு என்னை என்னெண்டாலும் செய்யுங்கோ."

அவர் எழுந்தார். அவர் கோபமாக இருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கீழே நொய்யை நாற்காலியில் சாய்த்து விளக்கைத் திருப்பி, கையுறை போட்ட விரலால் கன்னத்தை மெல்ல விலக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நாக்கின் ஓரத்தில் இருந்த புண்ணைச் சுற்றித் தடவும்போது நொய்யின் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. ஆனால் அவள் சத்தம் போடவில்லை.

"வலிக்குதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நொய் சிரிக்கப் போனாள். கஜாலினியைப் பார்த்தாள். "ரொம்ப," என்றாள்.

அவர் மருந்து எழுதினார். நெஞ்சு படபடப்பு பற்றிக் கஜாலினி சொன்னதும், மருந்தை விழுங்குகிறாளா என்று விசாரித்தார். விழுங்குகிறாள். வாயில் வைத்துக் கொப்புளித்துத் துப்ப வேண்டிய மருந்து அது. லேபிளில் ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தது. அவர் பேனாவை மூடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்.

நொய் போனபிறகு, "அந்த ஆறு மாத விதியைத் தாய்லாந்து படிவங்களுக்கு இன்னைக்கே எடுத்துடு," என்றார். "பத்தொன்பது பேரையும் திரும்பக் கூப்பிடு."

"ஆய்வு?"

"அதை ஏன் இப்ப கேக்கற?"

"தோஹாவுக்கு அனுப்பேலாது, டொக்டர். எல்லாமே பிழையான தரவு."

"ஏழு மாச வேலைம்மா இது! புது ஒப்புதல் வாங்கணும், எல்லாத்தையும் முதல்ல இருந்து செய்யணும். நீ ஒரு ஆளைப் பார்த்துட்டு வந்து சொல்ற. ஒரு ஆளு!"

"லைன் குரூப்பில பேசி வச்சுத்தான் எல்லாரும் சைபர் போட்டிருக்கினம்," என்றாள் அவள். "என்ர பெயரை எடுத்துப்போட்டு அனுப்புங்கோ. நான் கையெழுத்துப் போடமாட்டன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெளியே போகும்போது கதவை வேகமாகச் சாத்தினார். அதற்குப் பிறகு நாலு நாள் அவளோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அந்த நாலு நாளும் அவள் பத்தொன்பது எண்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதினொரு பேர் வந்தார்கள். ஐந்து பேர் எடுக்கவில்லை. ஒருத்தியின் எண் இப்போது வேறு யாரோ ஒரு எகிப்தியரிடம் இருந்தது. இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி வேலை பிடிக்காமல், இன்னொருத்தி ஏன் என்று தெரியாது. வந்த பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு மருந்து தேவைப்பட்டது. டாக்டர் ஒன்பது பேரையும் தானே பார்த்தார்.

ஐந்தாம் நாள் மாநாட்டுக்காரர்களுக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சலின் நகல் அவளுக்கு வந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் சுருக்கத்தைச் சமர்ப்பிக்க இயலவில்லை, வருந்துகிறோம். ஒரே வரி. என்ன காரணம் என்று அதில் இல்லை. அவளுக்கென்று தனியாக ஒரு வார்த்தையும் இல்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். பசியும் எரிச்சலும்தான் இருந்தன.

புது ஒப்புதல் ஐந்து மாதம் எடுத்தது. நெறிமுறைக் குழு மூன்று முறை திருப்பி அனுப்பியது. பெயர் இல்லாத படிவம் என்றால் நோயாளியின் கோப்போடு எப்படி இணைப்பீர்கள் என்று முதல் முறை. இணைக்கப் போவதில்லை, சிகிச்சையை டாக்டர் பார்த்து முடிவு செய்வார் என்று எழுதினாள். இருபத்திரண்டாம் கேள்வியை ஏன் நீக்குகிறீர்கள் என்று இரண்டாம் முறை. நீக்கவில்லை, 'விரும்பினால் பதில் சொல்லலாம்' என்று தனித்தாளில் கடைசிக்குக் கொண்டு போகிறோம், அதையும் பெண் ஊழியர் மட்டும் கொடுப்பார் என்று எழுதினாள். மூன்றாம் முறை பக்க எண்கள் சரியில்லை.

அக்டோபரில் மறுபடி சத்வாவின் பின் கதவுக்குப் போனாள், இந்த முறை கையில் குழுவின் ஒப்புதல் கடிதத்தோடு. மேனேஜர் அன்று அஜ்மானில் இருந்தார். ஆறு பெண்கள் ஸ்டூல்களிலும் தரையிலும் துண்டுக் கட்டுகள் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். நொய் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், சின்னச் சின்ன உருண்டையாக, ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கி. புண் குறைந்திருந்தது. முழுதாகப் போகவில்லை.

பதினான்காம் கேள்வி வாயில் எரிச்சல் பற்றியது. புதிய மொழிபெயர்ப்பில் அதற்கு 'ஸேப்' என்று ஒரு சொல் போட்டிருந்தார்கள். கஜாலினி அதை ஆங்கில எழுத்தில் குறித்துவைத்து வாசித்ததும் அறையே குலுங்கிச் சிரித்தது. ஒருத்தி தரையில் சாய்ந்தே விட்டாள்.

"குரலை மேல ஏத்தி இறக்கிட்டீங்க," என்றாள் பிம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்படிச் சொன்னா எங்க பக்கத்துல ருசின்னு அர்த்தம். 'உங்க வாய் எவ்வளவு ருசியா இருக்கு'ன்னு கேட்டீங்க. தாழ்த்திச் சொன்னாத்தான் எரிச்சல்."

"அப்ப தாழ்த்தியே எழுதினால் போதும்தானே?"

"போதாது," என்றாள் சியாங் மாயிலிருந்து வந்தவள். "வெட்டுக் காயத்துல உப்பு பட்டா அது ஸேப். புண்ணு நாளெல்லாம் காந்திக்கிட்டே இருக்கே, அது வேற. அதுக்கு உள்சூடுன்னுதான் சொல்லுவோம்."

உள்சூடு என்றதும் கஜாலினி நிமிர்ந்தாள். "எங்களுக்கும் அப்படித்தான். வாய்ப்புண் வந்தால் உடம்புச் சூடு என்போம்."

"ஆனா அது சின்னப் புண்ணுக்கு," என்று நொய் மறுத்தாள். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "ரெண்டு நாள்ல போயிடும், இளநி குடிச்சா சரியாயிடும். எனக்கு இருக்கறதை உள்சூடுன்னு எழுதினா, அப்ப இளநி குடின்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அங்கிருந்து அது பெரிய வாக்குவாதமானது. பிம் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுத் தானும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டாள். கஜாலினி இரண்டு சொற்களையும் எழுதி நடுவில் கேள்விக்குறி போட்டாள். மூன்றாவதாக ஒரு சொல் வந்தது. அதையும் எழுதினாள். முக்கால் மணி நேரமாயிற்று. இன்னும் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன.

முன்பக்கம் மணி அடித்தது. சியாங் மாய்க்காரி எழுந்து, சட்டையை இழுத்துச் சரிசெய்து, வாசலில் நின்றபடியே தன் சொல்தான் சரி என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி மணி. இன்னும் இரண்டு பேர் போனார்கள். பிம்மும் வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தது.

நொய் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மொழிபெயர்க்க யாரும் இல்லை. அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, பேனாவை வாங்கி, மூன்று சொற்களில் ஒன்றைக் கோடிட்டு அடித்தாள். யோசித்துவிட்டு அடித்ததைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"இது இல்லையா, இதுவா?" என்று கஜாலினி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"காலையில இது," என்றாள் நொய், வட்டம் போட்டதைத் தொட்டு. பிறகு அடுத்த சொல்லைத் தொட்டாள். "சாப்பிடறப்ப அது."

"அப்ப ரெண்டு கேள்வியாக் கேட்கணும்," என்று கஜாலினி தனக்குத்தானே தமிழில் சொல்லிக்கொண்டாள். இருபத்தாறு இருபத்தேழாகும். அதற்கு இன்னொரு விளக்கக் கடிதம். டாக்டர் கத்துவார். அவள் புதுப் பக்கத்தைப் புரட்டி, 'காலையில்' என்று மேலே எழுதினாள்.